பிஎச்பி: தூர்வாரியவர்களின் வரலாறு

எனக்கும், மதுரையில் என்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் சோறு போடுவது பிஎச்பி என்ற நிரல்மொழி. ஜவுளிக்கடைக்காரர், பள்ளித் தாளாளர், சிற்றிதழ் ஆசிரியர் என்று யார் இணையதளம் வேண்டும் என்று வந்து நின்றாலும் நாங்கள் முதலில் எடுப்பது அதைத்தான். உலகமும் எங்களைப் போலத்தான். சர்வரில் எந்த மொழி ஓடுகிறது என்று தெரிந்த இணையதளங்களில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே குறைவானவை பிஎச்பியில் ஓடுகின்றன. வேர்ட்பிரஸ் அதில் எழுதப்பட்டது. விக்கிப்பீடியா அதில் இயங்குகிறது, நம் தமிழ் விக்கிப்பீடியா உட்பட. 2004-இல் ஃபேஸ்புக் தொடங்கியதும் அதில்தான். இவ்வளவையும் தாங்கி நிற்கும் மொழிக்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தி அனுப்பலாம்.

இதன் வரலாற்றைச் சொல்கிறவர்கள் அதை உண்டாக்கியவரிடம் தொடங்கி, பெரும்பாலும் அவரோடு முடித்துவிடுகிறார்கள். முப்பது ஆண்டுக் கதையில் உண்டாக்கிய காலம் கொஞ்சம். மீதி முழுவதும் பழுது பார்த்த காலம்: உடைந்ததை ஒட்டியது, வேண்டாததை நீக்கியது, பழையதைக் கெடுக்காமல் புதியதைச் சேர்த்தது. அந்த வேலையைச் செய்தவர்களை முன்னால் நிறுத்தி இந்தக் கதையை ஒருமுறையாவது சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வாசல் திறந்த கதை

ராஸ்மஸ் லெர்டார்ஃப் கிரீன்லாந்தில் பிறந்தவர். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1993-இல் படிப்பை முடித்தார். இணையத்தில் போட்டிருந்த தன் பயோடேட்டாவை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 1994-இல் சி மொழியில் சில சின்ன நிரல்களை எழுதினார். 1995 ஜூன் 8 அன்று அவற்றைப் பொதுவில் வைத்தார். பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவது, ஒரு பக்கத்துக்குக் கடவுச்சொல் போடுவது, ஃபார்மில் நிரப்பியதை அடுத்த பக்கத்துக்கு எடுத்துச்செல்வது என்று அவை செய்த வேலைகள் எளியவை.

அறிவிப்பில் அவர் அழுத்திச் சொன்ன ஒரு விஷயம்தான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வித்து. இதைப் பயன்படுத்த சர்வர் நிர்வாகியின் அதிகாரம் தேவையில்லை. உங்களுக்கு ஒதுக்கிய ஃபோல்டருக்குள் போட்டாலே போதும். அன்று ஒரு சர்வரைப் பல பேர் பங்குபோட்டுப் பயன்படுத்தினார்கள். நிர்வாகியிடம் போய் நிற்க முடியாதவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய விடுதலை. பின்னாளில் குறைந்த கட்டணத்தில் ஷேர்டு ஹோஸ்டிங் விற்ற கம்பெனிகள் எல்லாம் பிஎச்பியைச் சேர்த்தே கொடுத்ததும், சின்ன ஊர்ப் பிள்ளைகள் அதில் தொழில் கற்றதும் இந்த வழியில் வந்தவைதான்.

1997 நவம்பரில் இரண்டாவது வெர்ஷன் வந்தது. அதே காலத்தில் இஸ்ரேலின் டெக்னியான் கல்விநிலைய மாணவர்கள் ஆண்டி குட்மன்ஸும் ஸீவ் சுராஸ்கியும் ஒரு புராஜெக்டுக்காக அதை எடுத்துப் பார்த்தார்கள். வணிகத் தளம் செய்ய அதன் பலம் போதவில்லை. உள்ளே இருந்த பார்சரை முழுக்கத் திரும்ப எழுதினார்கள். லெர்டார்ஃப் தன் நிரலைக் காக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. மூவரும் சேர்ந்து 1998 ஜூனில் பிஎச்பி 3-ஐ வெளியிட்டார்கள். தான் எழுதியதைத் தூக்கிவிட்டு வேறொருவர் எழுதியதை ஏற்றுக்கொள்வது எங்கள் தொழிலில் எளிதான காரியம் இல்லை. ஒரு தனி ஆளின் கருவி ஒரு சமூகத்தின் மொழியானது அந்த ஆண்டில்தான்.

பிஎச்பி 3 கொண்டுவந்த பெரிய வசதி எக்ஸ்டென்ஷன். டேட்டாபேஸ், படம், மெயில் என்று எதற்கு வேண்டுமானாலும் யாரும் ஒரு துண்டு எழுதி மொழியோடு இணைக்கலாம். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இணைத்தார்கள். அந்த மொழியின் செழிப்புக்கும் அதன் ஒழுங்கின்மைக்கும் காரணம் இது ஒன்றே. ஸ்ட்ரிங் எனும் எழுத்துச் சரத்துக்குள் ஒரு சொல்லைத் தேடும் ஃபங்ஷனில் எதில் தேடுவது என்பதை முதலில் தர வேண்டும்; ஒரு அரேக்குள் தேடும் ஃபங்ஷனில் எதைத் தேடுவது என்பதை முதலில் தர வேண்டும். சிலவற்றின் பெயரில் அடிக்கோடு இருக்கும், சிலவற்றில் இருக்காது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் இதைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள். பல கைகள் பல ஆண்டுகளில் கொண்டுவந்து சேர்த்த பொருட்கள் அப்படித்தான் இருக்கும் என்று நான் அவர்களுக்குச் சொல்வேன்.

2000 மே மாதம் பிஎச்பி 4, 2004 ஜூலையில் பிஎச்பி 5. இடையில் லினக்ஸ், அப்பாச்சி, மைசீக்வல், பிஎச்பி நான்கும் சேர்ந்து ஒரு கூட்டணியாகி, உலகமெங்கும் சிறு நிறுவனங்களை இணையத்துக்குக் கொண்டுவந்தன.

ஒரு வசதியைப் பிடுங்க பத்து ஆண்டு

பராமரிப்பு என்றால் என்ன என்று காட்ட ஒரே ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்று பெயர். ஆரம்பக் காலத்தில் ஃபார்மில் 'பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தால், அதை நிரப்பி அனுப்பியதும் நிரலுக்குள் 'பெயர்' என்ற வேரியபிள் தானாகப் பிறந்துவிடும். நான்கு வரியில் ஒரு வேலை முடிந்தது. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட இனிப்பான வசதி வேறு இல்லை.

ஆபத்தும் அங்கேயே இருந்தது. வந்திருப்பவர் அட்மினா என்று சோதித்து, ஆமென்றால் 'அட்மின்' என்ற வேரியபிளில் 1 என்று வைக்கும் ஒரு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் அந்த வேரியபிளுக்குத் தொடக்கத்தில் 0 வைக்காமல் விட்டிருக்கிறார். வெளியே இருந்து ஒருவர் முகவரியின் கடைசியில் 'அட்மின்=1' என்று சேர்த்து என்டர் தட்டினால் போதும். வேரியபிள் பிறந்துவிடும், கதவு திறந்துவிடும். கடவுச்சொல்லும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

2002 ஏப்ரலில் வந்த 4.2 வெர்ஷனில் இந்த வசதி இயல்பாகவே அணைத்துவைக்கப்பட்டது. ஆனால் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம். ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் போட்டே வைத்திருந்தன, போடாவிட்டால் வாடிக்கையாளர்களின் பழைய தளங்கள் நின்றுவிடும் என்பதால். மொழியிலிருந்து அதை முற்றாக எடுத்தது 2012 மார்ச்சில் வந்த 5.4-இல். தப்பு என்று தெரிந்த ஒன்றை நீக்க முழுசாகப் பத்து ஆண்டு. வெளியே இருந்து பார்க்கிறவர்கள் இதைச் சோம்பல் என்றார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும்: எங்கோ ஒரு நகராட்சித் தளம், ஒரு மருத்துவமனையின் டோக்கன் பக்கம், எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு கடையின் பில் போடும் நிரல், எல்லாம் அந்த வசதியின் மேல் உட்கார்ந்திருந்தன. முதலில் அணைத்து, பிறகு எச்சரித்து, கையேட்டில் மாற்று வழியை எழுதிவைத்து, கடைசியில் நீக்கினார்கள். பொதுச்சொத்தைத் திருத்துகிறவர்களுக்கு இந்தப் பொறுமை வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதிகூட இதற்குக் கிடைத்ததில்லை.

வராமல் போன ஆறு

பிஎச்பி 5-க்கு அடுத்தது 7. நடுவில் ஆறு வரவில்லை. அது வராமல் போனது தமிழில் தளம் செய்கிற எங்களை நேராகத் தொட்ட விஷயம்.

எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் ஒருநாள் திரையைக் காட்டிக் கேட்டாள்: "அக்கா, தமிழ்னா மூணு எழுத்துதானே? இது ஏன் பதினஞ்சுன்னு சொல்லுது?" நீளத்தைச் சொல்லும் ஃபங்ஷனுக்குள் 'தமிழ்' என்று கொடுத்திருந்தாள். அது 15 என்று பதில் சொல்லியிருந்தது.

அந்த ஃபங்ஷன் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. யூனிகோடில் 'தமிழ்' என்பது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ஆக 15. மல்டிபைட் எக்ஸ்டென்ஷனில் உள்ள ஃபங்ஷனிடம் கேட்டால் 5 என்று சொல்லும். இன்டில் என்ற எக்ஸ்டென்ஷனிடம் கேட்டால்தான் நம் பாட்டி எண்ணுகிறபடி த, மி, ழ் என்று 3 சொல்லும். ஒரே சொல், மூன்று விடை. செய்தித் தலைப்பை இத்தனை பைட்டோடு நறுக்கு என்று எழுதிவிட்டால், கத்தி ஒரு எழுத்தின் நடு வயிற்றில் இறங்கும். தலைப்பின் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி வந்து நிற்கும். தமிழ்த் தளங்களில் அதைப் பார்க்காத வாசகர் இருக்க மாட்டார்.

பிஎச்பி 6 இதை வேரோடு தீர்க்கப் பார்த்தது. ஆண்ட்ரே ஸ்மீவ்ஸ்கி முன்னின்று 2005-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மொழிக்குள் இருக்கும் ஒவ்வொரு சரமும் யுடிஎஃப்-16 யூனிகோடாக மாற வேண்டும். சொல்வதற்கு அழகான கனவு. நடைமுறையில், ஆங்கிலம் மட்டுமே இருக்கும் சரத்துக்கும் இரட்டிப்பு மெமரி தேவைப்பட்டது. டேட்டாபேஸிலிருந்து வருவதை ஒரு முறை மாற்ற வேண்டும், பிரவுசருக்கு அனுப்பும்போது இன்னொரு முறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனையும் திரும்ப எழுத வேண்டும். அந்த வேலையை ஆழமாகப் புரிந்தவர்கள் சிலரே, அவர்களும் களைத்துப்போனார்கள். 2010-இல் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் அதன் பெயரில் புத்தகங்கள்கூட விற்பனைக்கு வந்திருந்தன. அதனால்தான் 2014-இல் அடுத்த வெர்ஷனுக்கு என்ன எண் என்று வாக்கெடுப்பு நடந்தபோது, 58-க்கு 24 என்ற கணக்கில் 7 வென்றது.

கைவிட்டார்கள் என்றாலும் அந்த உழைப்பை வீணாக்கவில்லை. யூனிகோடு சாராத வசதிகளை எல்லாம் பிரித்தெடுத்து 5.3, 5.4 வெர்ஷன்களில் சேர்த்தார்கள். எழுத்துப் பிரச்சினை சிறுசிறு கைகளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தது. மல்டிபைட் எக்ஸ்டென்ஷன் ஜப்பானியர்கள் தங்கள் எழுத்துக்காகச் செய்து தந்தது. அதன் தயவில்தான் நாம் தமிழை முழு எழுத்தாக நறுக்கக் கற்றோம். இன்டில் 5.3-இலிருந்து மொழியோடு சேர்ந்தே வருகிறது. 2024 நவம்பரில் வந்த 8.4-இல், ஒரு சொல்லை வாசகர் காணும் எழுத்துகளாகவே பிரித்துத் தரும் ஃபங்ஷன் இன்டிலில் சேர்ந்தது. 'தமிழ்' என்று கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துத் தரும். ஒரே மூச்சில் நடக்காமல் போன காரியம் பல பேர் கைமாற்றிக் கைமாற்றி நடந்தது.

ஏச்சும் எழுச்சியும்

2010 வாக்கில் பிஎச்பியை ஏசுவது ஒரு நாகரிகமாகவே இருந்தது. 2012 ஏப்ரலில் அதன் வடிவமைப்பைக் குறை குறையாக அடுக்கிய ஒரு நீளமான கண்டனம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதில் சொன்னவற்றில் நியாயமானவை நிறையவே இருந்தன. இன்னொரு பக்கம், ஃபேஸ்புக் தன் தளத்தின் சுமையைத் தாங்க 2010-இல் ஹிப்ஹாப் என்ற மாற்றுக் கருவியையும், பிறகு எச்எச்விஎம் என்ற வேகமான எஞ்சினையும் வெளியிட்டது. 2014 மார்ச்சில் பிஎச்பியிலிருந்து கிளைத்த ஹேக் என்ற மொழியையே தந்தது. மொழியின் எதிர்காலம் ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய்விடும் என்ற பேச்சு பலமாக எழுந்தது.

பதில் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று, மொழிக்கு வெளியே. 2012 மார்ச்சில் ஜோர்டி போகியானோவும் நில்ஸ் ஆடர்மனும் கம்போஸர் என்ற கருவியை வெளியிட்டார்கள். அதுவரை ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்துவது ஜிப் ஃபைலை இறக்கி ஃபோல்டரில் கொட்டுகிற வேலை. கம்போஸர் வந்த பிறகு, எந்த நூலகம் வேண்டும், எந்த வெர்ஷன் வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதினால் போதும், தானே கொண்டுவந்து வைத்துவிடும். டெய்லர் ஆட்வெல் 2011-இல் வெளியிட்ட லாராவெல் என்ற ஃபிரேம்வொர்க், ஃபாபியன் பொட்டான்சியே பிரான்சில் 2005-இல் தொடங்கிய சிம்ஃபனி என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கின் துண்டுகளை அந்த வழியில் எடுத்துக்கொண்டு வளர்ந்தது. போட்டியாளர்கள் ஒரே கிணற்றில் நீர் இறைக்கத் தொடங்கினார்கள்.

மற்றொன்று, மொழிக்கு உள்ளே. டிமித்ரி ஸ்டோகோவ், ஷின்சென் ஹுய், நிகிதா பாப்போவ் மூவரும் எஞ்சினின் உள்கட்டுமானத்தைப் பிரித்துப்போட்டு மறுபடி அடுக்கினார்கள். மந்திரம் எதுவும் இல்லை, சிக்கனம்தான். ஒரு மதிப்பை வைக்கும் பெட்டி 24 பைட்டிலிருந்து 16 பைட்டாகச் சுருங்கியது. அரேயின் ஒரு அறை 72 பைட்டிலிருந்து 32 ஆனது. கோடிக்கணக்கான முறை நடக்கும் காரியத்தில் பைட் பைட்டாக மிச்சம் பிடித்தார்கள். 2015 டிசம்பர் 3-இல் பிஎச்பி 7 வந்தபோது வேர்ட்பிரஸ் தளங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடின. எங்கள் வாடிக்கையாளர்களின் தளங்களை ஏற்றிப் பார்த்த நாளில், கோடில் ஒரு வரிகூடத் தொடாமல் பக்கங்கள் பட்டென்று திறந்தன. அவர்கள் எங்களைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுக்கு உரியவர்களின் பெயர்களை அன்றே அலுவலகப் பலகையில் எழுதிவைத்தேன்.

2021: கண்திறந்த ஆண்டு

2021 மார்ச் 28 அன்று பிஎச்பியின் மூலக்கோடு இருந்த சர்வரில் இரண்டு கமிட்டுகள், அதாவது பதிவான மாற்றங்கள், விழுந்தன. ஒன்று லெர்டார்ஃப் பெயரில், மற்றது நிகிதா பாப்போவ் பெயரில். எழுத்துப்பிழைத் திருத்தம் என்று குறிப்பு. உள்ளே இருந்தது ஒரு கள்ளக்கதவு. பிரவுசர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஹெடரின் பெயரில் ஒரு 'டி' கூடுதலாக இருந்து, அதில் வரும் மதிப்பின் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட சொல்லும் இருந்தால், தொடர்ந்து வருவதை நிரலாக எடுத்து ஓட்டிவிடும். அது ரிலீஸுக்குள் போயிருந்தால் உலகத்தின் பெரும்பான்மைத் தளங்களுக்குச் சாவி ஒருவர் கையில் இருந்திருக்கும். ஒவ்வொரு கமிட்டையும் வழக்கம்போலப் படித்துப் பார்க்கிற சிலர் இருந்ததால், சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள்.

எப்படி நுழைந்தார்கள் என்று ஆராய்ந்தபோது தெரிந்ததுதான் வேதனை. யார் உள்ளே வரலாம் என்று சரிபார்க்கும் சர்வர் மிகப் பழைய மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. கடவுச்சொற்கள் பலவீனமான முறையில் வைக்கப்பட்டிருந்தன. உலகம் முழுக்க ஓடும் மொழியின் சொந்த வீட்டை மராமத்துப் பார்க்க ஆள் போதவில்லை. உடனே மூலக்கோடு முழுவதையும் கிட்ஹப்புக்கு மாற்றினார்கள்.

அதே ஆண்டு மே மாதம், நெடுங்காலப் பங்களிப்பாளர் ஜோ வாட்கின்ஸ் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் பேசாமல் இருந்ததை எழுதினார். இரண்டே பேர் நாளை காலை வேறு வேலைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தால் மொழி தடுமாறிவிடும் என்பதே அதன் சாரம். டிமித்ரியும் நிகிதாவும்தான் அந்த இருவர். நிகிதா பள்ளி மாணவராக இருந்தபோதே பிஎச்பிக்குப் பங்களிக்கத் தொடங்கியவர். 2019 முதல் ஜெட்பிரைன்ஸ் நிறுவனம் அவருக்குச் சம்பளம் கொடுத்து இந்த வேலையில் வைத்திருந்தது. 2021 நவம்பரில், எல்எல்விஎம் என்ற வேறொரு திட்டத்தில் கவனம் செலுத்தப் போகிறேன் என்று அவர் அறிவித்தார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு மனிதர் தன் இளமையின் பெரும்பகுதியை ஒரு பொதுச்சொத்துக்குத் தந்துவிட்டு நகர்கிறார்.

நம் ஊர்க் கண்மாய்களுக்குக் குடிமராமத்து என்றொரு ஏற்பாடு இருந்தது. அந்தத் தண்ணீரில் பாசனம் செய்கிற ஒவ்வொரு வீடும் ஆளோ உழைப்போ தந்து தூர்வாரி, கரையை உயர்த்தி, மடையைச் சரிசெய்ய வேண்டும். அந்த ஏற்பாடு தளர்ந்த இடங்களில் கண்மாய் மண்மேடிட்டது. பிஎச்பிக்கும் அதுதான் நேர இருந்தது. ஆயக்கட்டு உலக அளவுக்கு விரிந்துவிட்டது. மண்வெட்டி பிடித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

2021 நவம்பர் 22 அன்று பிஎச்பி ஃபவுண்டேஷன் அறிவிக்கப்பட்டது. ஜெட்பிரைன்ஸ், ஆட்டோமாட்டிக், லாராவெல், சிம்ஃபனி, ஸெண்ட், அக்வியா, பிரெஸ்டாஷாப் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து, மொழியைப் பராமரிக்கிறவர்களுக்குச் சம்பளம் தர ஒரு பொது நிதியை உண்டாக்கின. ஜெட்பிரைன்ஸ் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. தனி மனிதர்கள் ஐந்து, பத்து டாலர் என்று போட்டார்கள். 2022-இல் டெரிக் ரெதன்ஸ், யாகுப் செலெங்கா, இலியா டோவிலோ உள்ளிட்ட ஆறு பேர் அந்த நிதியிலிருந்து ஊதியம் பெற்று வேலையைத் தொடங்கினார்கள். மொழியில் எது சேர வேண்டும் என்ற முடிவு மட்டும் பழையபடி பங்களிப்பாளர்களின் வாக்கெடுப்பிலேயே நிற்கிறது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பணம் தருகிறவர் கைக்கு மொழி போகவில்லை.

பிறகு நடந்தவை

அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் நடந்தவற்றைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஜெர்மனி அரசின் ஆதரவில் இயங்கும் சாவரின் டெக் ஃபண்ட் 2,05,000 யூரோ கொடுத்தது. இணைய மொழி ஒன்றின் பராமரிப்பைச் சாலை, பாலம் போன்ற பொதுக் கட்டமைப்பாக ஓர் அரசு எண்ணியது என்பதே பெரிய செய்தி. பிரான்சின் குவார்க்ஸ்லேப் நிறுவனம் மூலக்கோடின் முக்கியப் பகுதிகளைத் தணிக்கை செய்தது. 2025 ஏப்ரலில் வந்த அறிக்கையில் 27 குறைகள். அவற்றில் 17 பாதுகாப்பு சார்ந்தவை. குறைகளைத் திருத்தி, அறிக்கையைப் பொதுவில் வைத்தார்கள்.

எங்கள் மாதிரிச் சின்ன அலுவலகங்களுக்குப் பெரிய நிம்மதி தந்தது வேறொரு முடிவு. முன்பு ஒரு வெர்ஷனுக்கு இரண்டு ஆண்டு முழு ஆதரவும், அதற்குப்பின் ஒரு ஆண்டு பாதுகாப்புத் திருத்தமும் கிடைக்கும். இப்போது பாதுகாப்புத் திருத்தம் இரண்டு ஆண்டு. மொத்தம் நான்கு. தளம் செய்து கொடுத்த பிறகு வெர்ஷன் மாற்றத்துக்கு மறுபடி செலவு என்று சொன்னால் எந்த ஜவுளிக்கடைக்காரரும் முகம் சுளிப்பார். அந்தக் கூடுதல் ஒரு ஆண்டு அவருக்கும் எங்களுக்கும் மூச்சுவிட இடம் தருகிறது.

எக்ஸ்டென்ஷன்களை நிறுவும் பழைய கருவிக்குப் பதிலாக 2025-இல் பை என்ற புதுக் கருவியின் முதல் முழு வெர்ஷன் வந்தது. கெவின் துங்லாஸ் கோ மொழியில் எழுதிய ஃபிராங்கன்பிஎச்பி என்ற புதுவகை சர்வர் அதே ஆண்டு மே மாதம் ஃபவுண்டேஷனின் ஆதரவுக்குள் வந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்காமல், நிரலைத் தயாராக வைத்திருந்து பதில் சொல்லும் வழி அதில் உண்டு. 2025 நவம்பர் 20-இல் வந்த 8.5-இல் பைப் ஆபரேட்டர் சேர்ந்தது. ஒரு ஃபங்ஷனின் விடையை அடுத்ததற்குக் கொடுக்க அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டிய அவஸ்தை போய், இனி இடமிருந்து வலமாக வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம்.

இத்தனைக்கும் நடுவில் நான் முக்கியமாக நினைப்பது, பராமரிப்பு ஒரு வேலை என்று இந்தச் சமூகம் ஒப்புக்கொண்டதை. இருபத்தாறு ஆண்டுகள் அது அன்பளிப்பாகவே வாங்கப்பட்டது. இரவில் தூக்கம் கெட்டுப் பக் திருத்தியவருக்கு மறுநாள் ஆபீஸ் இருந்தது, வீட்டில் குழந்தை இருந்தது. அவருக்குக் கூலி கொடுக்கலாம் என்ற எளிய நியாயம், இரண்டே பேரில் ஒருவர் விடைபெற்ற பிறகுதான் உறைத்தது. மற்ற ஓப்பன் சோர்ஸ் சமூகங்களும் இதைப் பார்த்துக் கற்க வேண்டும், தங்கள் நிகிதா கிளம்புவதற்கு முன்பே.

நாமும் இந்த ஆயக்கட்டில் இருக்கிறோம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கடைசி ஆண்டு புராஜெக்ட் என்றால் பிஎச்பியில் ஒரு நூலக நிர்வாக மென்பொருளோ மாணவர் வருகைப் பதிவோ செய்து கொடுப்பது இன்றும் நடக்கிறது. பலர் அதைக் காசு கொடுத்து வாங்கிச் சமர்ப்பிக்கிறார்கள் என்பதும் ஊரறிந்தது. அதற்குப் பதில் அந்தப் பிள்ளைகள் மொழிக்கே ஒரு டெஸ்ட் ஃபைல் எழுதி அனுப்பலாம். அது பெரிய வித்தை இல்லை. என்ன சோதிக்கிறோம் என்று ஒரு வரி, ஓட்டிப் பார்க்க வேண்டிய கோடு, வர வேண்டிய விடை: இந்த மூன்று பகுதிதான். 2009-இல் பல நாட்டுக் குழுக்கள் டெஸ்ட்ஃபெஸ்ட் என்ற பெயரில் கூடி உட்கார்ந்து இதையே எழுதின. தமிழ் எழுத்துகளைப் பிரிப்பது, வரிசைப்படுத்துவது, நறுக்குவது சரியாக நடக்கிறதா என்று சோதிக்க நம்மைவிடத் தகுதியானவர் யார்? 'க்ஷ' வந்தால் இன்று அது இரண்டாகப் பிரிகிறது. அப்படிப் பிரிய வேண்டுமா கூடாதா என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டியவர்கள் தமிழ் எழுதுகிறவர்கள்தானே.

பணம் தர முடிந்தவர்கள் தரட்டும். எங்கள் அலுவலகத்திலிருந்து ஃபவுண்டேஷனுக்கு மாதம் ஒரு சிறு தொகை போகிறது. மின்கட்டணம், இணையக் கட்டணம் போல அதையும் தொழில் செலவாகவே கணக்கில் எழுதுகிறோம். பிஎச்பியில் தளம் செய்து வாழும் ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுக்கு இப்படி ஒரு தொகையை எழுதினால், அடுத்த முறை யாரோ ஒருவர் ஓய்வு கேட்கும்போது உலகம் பதற வேண்டியிருக்காது. தர முடியாதவர்கள் உழைப்பைத் தரட்டும். எடுத்துக்கொள்வதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. கொடுப்பதிலும் நம் பெயர் அந்தப் பங்களிப்பாளர் பட்டியலில் வர வேண்டும்.